மதி எண் பரிசீலனையில் உள்ளது

விண்ணப்பத்தில் பத்தாவது கேள்வி வரை வேம்புலிக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. பெயர், பிறந்த தேதி, படிப்பு, பார்க்கும் வேலை எல்லாவற்றையும் மடமடவென்று எழுதிக்கொண்டே வந்தான். பதினோராவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. தாங்கள் உறுப்பினராக உள்ள சங்கங்கள் யாவை என்று அதில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள்.

வேம்புலி ஒரே ஒரு சங்கத்தில்தான் உறுப்பினன். அதன் பெயர் உயர்மதியாளர் மன்றம். தேர்வு வைத்து, அறிவு மிக அதிகம் என்று தேறியவர்களை மட்டும் சேர்த்துக்கொள்ளும் மன்றம் அது. எழுதினால் தற்பெருமை மாதிரி இருந்தது. எழுதாவிட்டால் பெட்டியில் வைத்துப் பூட்டிய பட்டு வேட்டி மாதிரி இருந்தது.

பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் அவனுடைய வீடு. அவனுடைய அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டி, அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்த பிறகு அங்கே மூட்டை தூக்கப் போனவர். வேம்புலி பி.எஸ்ஸி. முடித்து, அதே தொழிற்பேட்டையில் தண்ணீர்ப் பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் சூபர்வைசராக இருந்தான். அங்கே அவன் ஒன்றைக் கவனித்தான். பம்பு செய்யத் தெரிந்தவர்களை யாரும் எதுவும் கேட்பதில்லை. நிர்வாகவியல் படித்துவிட்டு வந்தவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு ஷெட்டே இடம் மாறுகிறது. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும் இடத்துக்குப் போக வேண்டும் என்று அவனுக்கு ஆசை வந்தது. கடற்கரைப் பக்கம் இருந்த நிர்வாகவியல் பயிலகத்தின் விண்ணப்பத்தை வாங்கிவந்தான்.

"எய்திடு மச்சான்" என்றான் மதுரைவீரன். அவன் வேம்புலியின் மனைவி நாகவல்லிக்கு அண்ணன். அதே கம்பெனியில் லேத் ஓட்டுபவன். "ஊர்ல எத்தினி பேருக்கு அறிவு கீதுன்னு ஆள் வச்சு சொல்லிகிறாங்க? உனக்கு சொல்லிகிறாங்க. எய்து."

"எய்தாதய்யா" என்றாள் நாகவல்லி. "அறிவாளின்னு நீயே சொல்லிகினு போய் நின்னா, எங்க காட்டு பாக்கலாம்னுவாங்க. அப்ப இன்னாத்தக் காட்டுவே?"

இரண்டுமே சரியாகத்தான் பட்டது. வேம்புலி பேனாவை மூடினான். "மன்றத்துலயே ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்" என்றான்.

அவன் செய்த பிழை அது ஒன்றுதான்.

மன்றத்தில் அவன் சேர்ந்தது அவனாகச் சேர்ந்ததல்ல. எமர்ஜென்சி வந்து சில மாதங்களுக்குப் பிறகு கம்பெனி கேன்டீனில் மன்றத்தார் அறிவை அளக்கும் முகாம் ஒன்று போட்டார்கள். பர்சனல் மானேஜர் வீரராகவன் எல்லோரையும் பெஞ்சில் உட்காரவைத்துப் பேசினார்.

"கண் பரிசோதனை மாதிரிதான் இதுவும். யாரும் பயப்பட வேண்டாம். குறை இருந்தா கண்டுபிடிக்கறதுக்குத்தான்."

"கண்டுபிடிச்சா கண்ணாடி குடுப்பீங்களா சார்?" என்று மதுரைவீரன் கேட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். மானேஜரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவனுடைய பெயரைக் கேட்டுக்கொண்டார்.

பிறகு கோடுகளும் வட்டங்களும் போட்ட தாள்களைக் கொடுத்தார்கள். அடுத்து வரவேண்டிய வட்டம் எது என்று கேட்டிருந்தது. முன்மாதிரியாக மானேஜரும் எழுதினார். அவருடைய மதி எண் நூற்று முப்பத்தெட்டு என்று கைதட்டலுக்கிடையே அறிவித்தார்கள். உடனேயே, கைதட்டல் ஓய்வதற்குள், வேம்புலிக்கு நூற்று ஐம்பத்தொன்று என்று அறிவித்துவிட்டார்கள். மானேஜர் கையை நடுவிலேயே நிறுத்திக்கொண்டார்.

அதிக எண் வாங்கியவர்களை மன்றத்தில் சேர்த்துக்கொண்டார்கள். குறைந்த எண் வாங்கியவர்களை லோடிங் பக்கம் மாற்றினார்கள். அவர்களில் சிலர் கொஞ்ச நாளில் லோடிங்கிலும் இல்லை. எங்கே போனார்கள் என்று கேட்பது அந்த வருஷம் வழக்கத்தில் இல்லை.

மன்றம் கரையான்சாவடி மெயின்ரோட்டில் ஓர் இரும்புக் கடையின் மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் கூடியது. அங்கே பெயர் சொல்லி அழைப்பது அநாகரிகம். 'நூற்று ஐம்பத்தொன்று அவர்களே' என்றுதான் அழைக்க வேண்டும். எண் பெரியவர் பேசும்போது எண் சிறியவர்கள் எழுந்து நிற்க வேண்டும். காப்பியும் எண் வரிசையில்தான் வரும். கடைசியில் இருப்பவர்களுக்கு வரும்போது அது ஆறி ஆடை படிந்திருக்கும். ஆகவே வேம்புலி வாயைத் திறந்தால் மானேஜர் எழுந்து நின்றார். வேம்புலி சங்கடப்பட்டு, பேச்சைச் சீக்கிரம் முடித்துக்கொள்வான். திங்கட்கிழமை கம்பெனியில் மானேஜர் அவனைத் தன் அறைக்கு வெளியே வெகுநேரம் நிற்கவைத்து அனுப்புவார். கணக்கு நேராகிவிடும்.

தலைவர் பக்தவத்சலத்துக்கு மட்டும் எண் கிடையாது. அரசாங்கக் கணக்குத் துறையில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். தேர்வை அறிமுகப்படுத்தியவரையே தேர்வு எழுதச் சொல்ல யாருக்குத் தகுதி இருக்கிறது என்பது மன்றத்தின் நிலைப்பாடு.

மாடியின் மூலையில் ஒரு நாற்காலி சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருந்தது. சேர்ந்த புதிதில் வேம்புலி அது யாருடையது என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டான். அவர் காப்பியை வைத்துவிட்டு எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

விண்ணப்பத்துக்கு மானேஜரின் சிபாரிசும் தேவைப்பட்டது. வேம்புலி பயந்துகொண்டே போய் நின்றான். அவர் அவனை உட்காரவே சொன்னார்.

"படிக்கப் போறீங்களா? ரொம்ப நல்லது. அங்க ஞாயித்துக்கிழமை கூட வகுப்பு இருக்குமாமே?"

"இருக்கும்னுதான் சொல்றாங்க சார்."

"அப்ப மன்றத்துக்கெல்லாம் வர முடியாது, பாவம்" என்றார் மானேஜர். முகம் மலர்ந்திருந்தது. வேம்புலி மிகுந்த அறிவுக்கூர்மை உடையவர் என்று எழுதி, உடனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வேம்புலி தன் கேள்வியை மன்றத்தில் வைத்தான். பயிலகத்தின் விண்ணப்பத்தில் மன்றத்தைப் பற்றிக் குறிப்பிடலாமா, வேண்டாமா? அவ்வளவுதான் கேட்டான். ஒரு நிமிஷத்தில் பதில் வரும், ஆவடி பஸ்ஸைப் பிடித்துவிடலாம் என்று நினைத்திருந்தான்.

தலைவர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள்.

"நண்பர்களே! இந்த மன்றம் தோன்றிய நாள் முதல் நாம் ஒரு பிரச்சினையையும் தீர்த்ததில்லை. காரணம், எந்தப் பிரச்சினையும் நம்மை நாடி வந்ததில்லை. நாமும் எந்தப் பிரச்சினையையும் நாடிப் போனதில்லை. அந்த மரபுக்கு இன்று சோதனை வந்திருக்கிறது. நூற்று ஐம்பத்தொன்று அவர்கள் மன்றத்தின் பெயரைக் குறிப்பிட்டு, அதனால் இடமும் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அறிவுக்கு உபயோகம் உண்டு என்று ஆகிவிடும். உபயோகம் உள்ள பொருளை நாளைக்கு எல்லோரும் கேட்பார்கள். அப்புறம் இந்த மாடியில் நாம் எதற்கு?"

பலத்த கைதட்டல் எழுந்தது. செயலாளர் திருவேங்கடம் அடுத்துப் பேசினார்.

"தலைவர் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் குறிப்பிடாமல் விட்டால், குறிப்பிட வெட்கப்பட்டார் என்று பொருள். இன்று ஒருவர் வெட்கப்படுவார். நாளை வெளியில் நம்மைப் பார்த்தவர்களும் நம்மைப் பற்றி வெட்கப்படுவார்கள். இதுவரை அவர்களுக்கு நம்மைத் தெரியாது என்பதால்தான் நம் மதிப்பு காப்பாற்றப்பட்டு வந்திருக்கிறது."

இதற்கும் கைதட்டினார்கள். "பெரிய விசயமில்லைங்க. நான் சும்மாதான் கேட்டேன். வுட்டுட்லாம்" என்றான் வேம்புலி.

அப்போது மானேஜர் வீரராகவன் பேச அனுமதி கேட்டார். எண் சிறியவர் ஆனதால் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தார்.

"ஒரே ஒரு விஷயம். உயர்மதியாளருக்கு இது எழுதலாமா கூடாதான்னு தானாகவே தெரிஞ்சிருக்கணும். தெரியலைன்னுதானே கேட்கிறார்? தெரியலைன்னா..." என்று நிறுத்தி, "நான் ஒண்ணும் சொல்லலை. யோசிச்சுப் பாருங்கன்னு சொல்றேன்" என்று முடித்தார்.

கீழே இரும்புக் கடையில் யாரோ கம்பியை அறுப்பதை நிறுத்தினார்கள். தலைவர் வேம்புலியைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. சாவு வீட்டில் பார்ப்பதைப் போல மிகுந்த அனுதாபத்தோடு பார்த்தார். இரண்டு உறுப்பினர்கள் வந்து வேம்புலியை மரியாதையாக எழுந்திருக்கச் சொல்லி, அவனுடைய நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்கள்.

அடுத்த வாரம் மூன்று பேர் கொண்ட குழு ஒன்று பருத்திப்பட்டுக்கு வந்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் கையில் கோப்போடு காரிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும், கருத்தடைக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தெருவில் இருந்த ஆண்கள் எல்லோரும் ஏரிப் பக்கம் ஓடிவிட்டார்கள். பெண்கள் கதவைச் சாத்தினார்கள். நாகவல்லிக்குச் சாத்த நேரம் கிடைக்கவில்லை.

செயலாளர் திருவேங்கடம் உள்ளே வந்து உட்கார்ந்தார். "பதற வேண்டாம் அம்மா. உறுப்பினரின் மதி எத்தகைய சூழலில் வாழ்கிறது என்று பார்க்க வந்திருக்கிறோம். அம்மி, உரல், ஆட்டுக்கல், முறம். இதில் சேராதது எது?"

நாகவல்லி கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மொறம்தாங்க. ஆனா எங்க ஊட்ல ஆட்டுக்கல்லே கெடியாது. பக்கத்தூட்லதான் போய் மாவாட்டிகினு வருவேன்."

குழு கலந்து பேசியது. வீட்டில் ஆட்டுக்கல் இல்லாத காரணத்தால் கேள்வி செல்லாது என்றும், செல்லாத கேள்விக்குச் சரியான பதில் சொன்னது சந்தேகத்துக்குரியது என்றும் எழுதிக்கொண்டார்கள்.

பிறகு பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாவைக் கதவைத் தட்டி வெளியே அழைத்தார்கள். "இந்த வேம்புலி ஓர் அறிவாளி என்பது உங்களுக்குத் தெரியுமா?" என்று திருவேங்கடம் கேட்டார்.

பொன்னியம்மா நடுங்கிப்போனாள். போலீஸ் சமாசாரம் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. "ஐயோ சாமி, அதெல்லாம் யாரோ ஆவாதவங்க சொல்லிகிறாங்க. அது நல்ல புள்ளங்க. அப்பிடில்லாம் ஒண்ணுங் கெடியாது. சின்ன வயசுலேர்ந்து எனக்குத் தெரியும்!" என்று அவன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள்.

அதையும் எழுதிக்கொண்டார்கள்.

கார் போன பிறகு நாகவல்லி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தெரு வெறிச்சென்று இருந்தது. ஏரிப் பக்கம் போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். வேம்புலியின் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு, சற்று விலகி நடந்தார்கள்.

"நீ ஒரு கேள்வி தானே கேட்டே?" என்றாள் நாகவல்லி.

"ஒண்ணுதாம்மே."

மன்றத்தின் இடைக்கால உத்தரவு வந்தது. இறுதி முடிவு வரும்வரை உறுப்பினர் மன்றத்தைக் குறிப்பிடவும் கூடாது, குறிப்பிடாமல் இருக்கவும் கூடாது. அந்த இடத்தில் 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதலாம். கடைசித் தேதி நெருங்கிவிட்டது. வேம்புலி அப்படியே எழுதி அனுப்பினான்.

நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். அவர்கள் பம்பைப் பற்றியோ கணக்கைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. நடுவில் இருந்தவர் விண்ணப்பத்தைக் கையில் எடுத்தார்.

"பதினோராவது கேள்வியில் இப்படி எழுத உங்களுக்கு யார் சொன்னது?"

"உண்மையைத்தான் சார் எழுதினேன். அது பரிசீலனையிலதான் இருக்கு."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் நாற்காலியில் சாய்ந்தார்.

"தம்பி, இந்த மாதிரி மன்றங்களில் இருப்பதாக எழுதுபவர்களைக் கர்வம் பிடித்தவர்கள் என்று ஒதுக்கிவிடுவோம். இருந்தும் எழுதாதவர்களை ஒளிக்கிறார்கள் என்று ஒதுக்கிவிடுவோம். எதிலுமே இல்லாதவர்களை நாங்கள் கூப்பிடுவதே இல்லை."

"அப்ப யாரைத்தான் சார் சேத்துப்பீங்க?"

"அந்தக் கவலை எங்களுக்கு வந்ததில்லை. பெரும்பாலான இடங்கள் நேர்முகத்துக்கு வராதவர்களுக்கே போய்விடும். அவர்களுடைய தகப்பனார்கள் வந்துவிட்டுப் போயிருப்பார்கள்." அவர் விண்ணப்பத்தை மெல்லத் தட்டினார். "பரிசீலனையில் உள்ளது! இந்த மூன்று வார்த்தைகளை முகம் மாறாமல் சொல்லக் கற்றுக்கொடுக்கத்தான் நாங்கள் இரண்டு வருஷம் எடுத்துக்கொள்கிறோம். நீங்கள் கற்றுக்கொண்டே வந்திருக்கிறீர்கள்."

மூன்று வார்த்தையா என்று வேம்புலி மனதுக்குள் எண்ணிப் பார்த்தான். வாயைத் திறக்கவில்லை. இடம் கிடைத்துவிட்டது.

அன்று மாலை மதுரைவீரன் அரைக்கிலோ ஜிலேபி வாங்கி வந்தான். அவனுக்கும் அன்றைக்கு ஒரு சேதி இருந்தது. வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை. "கண்ணாடி கேட்டேன் பாரு, அதான்" என்று சிரித்தான். கரையான்சாவடியில் ஒரு சந்தில் ஓலைக்கூரை போட்டு, பம்பு ரிப்பேர் கடை ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னான். ஜிலேபியை அவனே நிறையச் சாப்பிட்டான்.

கம்பெனியிலிருந்து விலகல் உத்தரவு வாங்கினால்தான் பயிலகத்தில் சேரமுடியும். வேம்புலி ராஜினாமாவோடு மானேஜர் அறைக்குப் போனான். மானேஜர் அதை வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேம்புலியின் முதுகைப் பார்க்க ஆரம்பித்த பிறகு, அவன் போய்விட வேண்டும் என்ற அவசரம் அவருக்கு இல்லாமல் போயிருந்தது.

"வேம்புலி, ராஜினாமா பண்றவனுக்கு முதல்ல புத்தி தெளிவா இருக்கணும். உங்களுக்கு இருக்கா இல்லையாங்கறது விசாரணையில இருக்கு. இதை நான் ஏத்துக்கிட்டா, மன்றத்தோட முடிவை முந்திக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"அப்ப வேலைக்காவது போறேன் சார்."

"அதுவும் முடியாது. அறிவு வேணுங்கற வேலையைக் குடுத்து, உங்களுக்கு அறிவு இல்லைன்னு முடிவு வந்தா கம்பெனிக்கு நஷ்டம். அறிவு வேண்டாத வேலையைக் குடுத்து, இருக்குன்னு முடிவு வந்தா மன்றத்துக்கு அவமானம். நாடே ஒழுங்கா இருக்கிற நேரம் இது. நீங்களும் ஒழுங்கா உட்காருங்க."

கேன்டீனுக்குப் பின்னால் பழைய ஸ்டோர் அறை ஒன்று இருந்தது. அதற்குச் சுண்ணாம்பு அடித்துப் 'பரிசீலனை அறை' என்று பலகை மாட்டியிருந்தார்கள். உள்ளே பெஞ்சுகள் போட்டிருந்தன. லோடிங்கிலிருந்து காணாமல் போனவர்களில் சிலர் அங்கே இருந்தார்கள். யாரும் அவனைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. நகர்ந்து இடம் விட்டார்கள்.

பக்கத்தில் இருந்தவர் நரைத்த மனிதர். பெயர் சின்னப்பையன். மன்றத்தில் சுவரைப் பார்த்துக் கிடந்த முதல் நாற்காலி அவருடையதுதான்.

"நீ இன்னா கேட்டே?" என்று அவர் விசாரித்தார்.

வேம்புலி சொன்னான். "நீங்க இன்னா கேட்டீங்கண்ணா?"

"தலைவரோட நம்பர் எத்தினின்னு கேட்டேன்." சின்னப்பையன் குரலைத் தாழ்த்தினார். "கேட்டது தப்புதாம்பா. ஆனா பாரு, ஒரு அடி அடிக்கல, ஒரு சொல் வையல. பரிசீலிக்கிறாங்க. நெதானமா, ஞாயமாத்தான் பண்றாங்க. அவசரப்பட்டு நம்மள முட்டாள்னு சொல்லிட்டா நம்ம கதி இன்னா ஆவுறது, சொல்லு?"

அந்த அறையில் செய்தித்தாள் தருவார்கள். குறுக்கெழுத்துப் போட்டி வந்த பக்கத்தைக் கிழித்துவிட்டுத் தருவார்கள். சாயங்காலம் மன்றத்தின் ஆள் வந்து எட்டிப்பார்த்து, "பரிசீலனை ஒன்று", "பரிசீலனை இரண்டு" என்று கூப்பிடுவான். அவரவர் "உள்ளேன்" என்று சொல்ல வேண்டும். சின்னப்பையன்தான் ஒன்று. அரைச் சம்பளம் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

முதலில் வேம்புலி கோபமாக இருந்தான். பிறகு நாள் போகப்போகக் கோபம் தேய்ந்து, வேறு ஒன்று வந்து உட்கார்ந்தது. ஒருவேளை அவர்கள் சொல்வதில் ஏதாவது இருக்குமோ? பஸ்ஸில் கண்டக்டர் தரும் மீதிச் சில்லறையை இரண்டு மூன்று முறை எண்ணினான். இறங்கவேண்டிய இடம் இதுதானா என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக்கொண்டான். ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே நாகவல்லி, "கொயம்புல உப்பு சரியா கீதா?" என்று கேட்டாள். அவன் ஒரு வாய் சாப்பிட்டான். இன்னொரு வாய் சாப்பிட்டான். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னாய்யா?"

"எனக்குச் சொல்லத் தெரியலமே. நீயே பாத்துக்கோ."

நாகவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். அவளுக்கு அந்த மூன்று வெள்ளைச் சட்டைக்காரர்கள் வந்த அன்றுகூட இவ்வளவு பயம் வரவில்லை. அவள் அழுததை வேம்புலி அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தான்.

"எங்கண்ணன் கடைல கணக்குப் பாக்க ஆளில்லாம திண்டாடுது. தெனம் கேட்டுகினு கீது. போய்யா. அந்த ரூம்புக்குப் போவாதய்யா" என்றாள்.

"சொல்லாம கொள்ளாம எப்பிடிமே போறது? முடிவு வந்துரும். படிப்பு வேற கீதே."

ஆனால் பயிலகத்தில் சேரவேண்டிய நாள் கடந்துபோனது. விலகல் உத்தரவு வராததால் அவன் இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த வேறு ஒருவரின் தகப்பனார் நேரில் வந்து கையெழுத்துப் போட்டாராம். அதைக் கேள்விப்பட்ட அன்றும் வேம்புலி பரிசீலனை அறையில்தான் உட்கார்ந்திருந்தான். சாயங்காலம் தன் முறை வந்தபோது "உள்ளேன்" என்றான்.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, ஒரு காலையில் அறைக் கதவு திறந்தது. மானேஜர் வீரராகவன் கையில் டிபன் கேரியரோடு வாசலில் நின்றார். சோதனை போட வந்திருக்கிறார் என்று நினைத்து எல்லோரும் பாதி எழுந்தார்கள். அவர் உள்ளே வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். எழுந்தவர்கள் நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

"நீங்களா சார்?" என்றார் சின்னப்பையன்.

"சிபாரிசுல எழுதிட்டேனாம்" என்றார் மானேஜர். "வேம்புலிக்கு அறிவுக்கூர்மை இருக்குன்னு. மன்றத்தைக் கேட்காம ஒருத்தரை அறிவாளின்னு எழுத எனக்கு என்ன அதிகாரம்னு தலைவர் கேட்டார். நான் யோசிச்சுச் சொல்றேன்னேன். யோசிக்கணுமான்னு கேட்டார்." டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டார். "அனுதாபமாப் பார்த்தாரய்யா."

கேன்டீனில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது.

வேம்புலி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் வேர்வை இருந்தது. சட்டைப் பையில் நாலு பேனா இருந்தது. இந்த மனிதருக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தோமா என்று தோன்றியது. தன் பையிலிருந்து கசங்கிப்போன ராஜினாமாவை எடுத்தான்.

"சார், இத யாராண்ட குடுக்கணும்?"

"என்கிட்டதான்."

"வாங்கிக்கிறீங்களா?"

மானேஜர் கை நீட்டினார். பாதியில் நிறுத்திக்கொண்டார். "வாங்க முடியாதே. வாங்கறதுக்கு எனக்குப் புத்தி தெளிவா இருக்கணும். அது இப்ப..."

"சரி சார். அப்ப நான் இந்த ரூம்புல உக்காரணும்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"இப்பவும் சொல்றீங்களா?"

மானேஜர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "இப்ப என்னால எதையும் சொல்ல முடியாது, வேம்புலி" என்றார்.

வேம்புலி எழுந்து கதவு வரை போனான். கதவில் பூட்டும் இல்லை, வெளியில் ஆளும் இல்லை. காலை வெயில் வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. வெளியே போனால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியவில்லை. கேட்டில் பிடிக்கலாம். வீட்டுக்குக் கார் வரலாம். கரையான்சாவடிக் கடைக்கும் வரலாம்.

திரும்பிப் பார்த்தான். பெஞ்சில் இருந்த யாரும் அசையவில்லை. மானேஜர் டிபன் கேரியரை இறுகப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சின்னப்பையனை மெதுவாக விசாரித்துக்கொண்டிருந்தார்.

வேம்புலி படியில் இறங்கினான்.

"ஏம்பா" என்று உள்ளிருந்து சின்னப்பையனின் குரல் வந்தது. அவருக்கு உண்மையிலேயே கவலையாக இருந்தது. "சாயங்காலம் வந்து உன்னக் கூப்டுவானே, நான் இன்னான்னு சொல்றது?"

"இல்லைன்னு சொல்லுங்கண்ணா" என்றான் வேம்புலி.